தானாக இறுகிப்போன ரிவால்வர்

துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். திருப்புளி பிடிக்கவும் அரம் போடவும் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது, அதை நான் சொல்லப்போவதில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு வாடிக்கையாளர் சொல்லும் ஒரு வார்த்தையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ‘தானா’. தானா நின்னுடுச்சு சார், தானா இறுகிடுச்சு சார், நாங்க ஒண்ணுமே பண்ணல சார். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது.

அபிராமபுரத்தில் ஒரு வக்கீல் இருந்தார். ஒரு மார்கழி மாதம் தன் ரிவால்வரைக் கொண்டுவந்து வைத்தார். டிரிகரை இழுத்தால் தோட்டாவைத் தட்டும் ஹாமர் மாட்டு வண்டி போல மெதுவாக வந்து உட்கார்ந்தது. தானா இப்படி ஆயிடுத்து என்றார். திறந்து பார்த்தேன். உள்ளே முழுக்க வெள்ளை வெளேரென்று உறைந்த தேங்காய் எண்ணெய். கேட்டால், “ஆத்துல செக்குல ஆட்டின சுத்தமான எண்ணெய்ங்காணும். தலைக்கே தேய்ச்சுக்கறோம், இதுக்கு ஆகாதா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். மண்ணெண்ணெயில் கழுவி, சரியான எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மார்கழியும் வந்தார். அதே வெள்ளை. அதே தானா.

இப்படிப் பத்துப் பேரைப் பார்த்தால் பதினோராவது ஆள் வாயைத் திறக்கும் முன்பே உங்களுக்குக் கோபம் வந்துவிடும். எனக்கு வந்தது. அந்தக் கோபத்தால் ஒரு மனிதரின் வேலை போகப் பார்த்தது. இந்தத் தொழிலில் என்னை நானே மன்னிக்காத விஷயம் அது ஒன்றுதான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். ராயப்பேட்டையில் ஒரு துப்பாக்கிக் கடையில் நான் தலைமை மெக்கானிக். தி.நகரில் நகைக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர். அவரிடம் சீமையில் செய்த பழைய ரிவால்வர் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. பழசு என்றாலும் கடிகாரம் போல ஓடும். வருஷத்துக்கு ஒரு முறை, நவராத்திரிக்கு முன்னால், எண்ணெய் போட எங்களிடம் வரும். தீபாவளிக் கூட்டம் தொடங்கும்போது அவருடைய கடைக் காவலாளி அதை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். காவலாளி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார். லைசென்ஸில் அவர் பெயரும் சேர்ந்திருந்தது. எல்லோரும் அவரை ஹவில்தார் என்றே கூப்பிடுவார்கள்.

அந்த வருஷமும் ரிவால்வர் வந்தது. எண்ணெய் போட்டு முடித்துவிட்டேன். திருப்பிக் கொடுப்பதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் கடையில் ஆயுத பூஜை என்றால் சாதாரண விஷயமா? பேரே எங்களுக்காக வைத்தது போலத்தானே. கடையில் இருக்கும் ஒவ்வொரு துப்பாக்கியும், பழுதுக்கு வந்தது உட்பட, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் வரிசையாக இருக்கும். என் அரம், திருப்புளி, சுத்தியல் எல்லாம் பக்கத்தில். மயிலாப்பூர்க்காரரான எங்கள் மானேஜர் பஞ்சகச்சத்தோடு வந்து ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவார். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பூஜையில் வைக்கும் எந்தத் துப்பாக்கியும் மூடியிருக்கக் கூடாது. ரிவால்வர் என்றால் தோட்டா நிரப்பும் சிலிண்டரை வெளியே தள்ளித்தான் வைக்க வேண்டும். அறைக்குள் அத்தனை பேர் நிற்கிறார்கள், பூ போடுகிறார்கள், கற்பூரம் காட்டுகிறார்கள். உள்ளே தோட்டா இல்லை என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மானேஜருக்கு அது பிடிக்காது. “ஏன் ஓய், எல்லாத்தையும் வாயைப் பொளந்துண்டு வெச்சிருக்கீர்? பாக்க லட்சணமாவா இருக்கு?” என்பார்.

“மூடி வெச்சா உள்ள தோட்டா இருக்கா இல்லையான்னு சாமிக்குத் தெரியும் சார். எனக்குத் தெரியாது” என்பேன்.

அவர் முணுமுணுத்துக்கொண்டே இடுவார். இந்த ரிவால்வருக்கும் இட்டார். திறந்து கிடந்த சிலிண்டரின் முகத்தில், நட்ட நடுவில், நல்ல கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு.

மறுநாள் விஜயதசமி. காலையில் நான் பூட்டைத் திறக்கும்போதே நகைக்கடையிலிருந்து ஆள் வந்து நிற்கிறான். முதலாளி ரிவால்வரைக் கையோடு வாங்கி வரச் சொன்னாராம். புனர்பூஜை முடியாமல் எங்கள் கருவியைத் தொடக் கூடாது; வாடிக்கையாளரின் துப்பாக்கிக்கு அந்தக் கட்டு இல்லை. அரம், திருப்புளி மட்டுமில்லை, நான் சோதனைக்கு வைத்திருக்கும் ஆறு டம்மி தோட்டாக்களும் பூஜையில்தான் இருந்தன. வழக்கமாக அந்த ஆறையும் போட்டு, மூடி, சிலிண்டரைச் சுற்றிப் பார்த்துத்தான் எந்த ரிவால்வரையும் வெளியே விடுவேன். அன்று டம்மியை எடுக்கலாமா என்று மானேஜரைக் கேட்டேன். “பூஜை முடியட்டும், அரைமணி நாழி உக்காரச் சொல்லும்” என்றார். வந்தவன் உட்கார மாட்டேன் என்கிறான், கடை திறக்க நேரமாகிறதாம். எனக்கு எரிச்சல். ஒரு துணியை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். வெறும் சிலிண்டரை மூடி ஒரு சுற்றுச் சுற்றினேன். ஆறு சொடுக்கும் சுத்தமாகக் கேட்டது. பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

பத்துப் பதினோரு நாள் கழித்து, தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரமோ எட்டு நாளோ இருக்கும்போது, காலையில் போன்.

“அண்ணாச்சி, ரிவால்வரு இறுகிப்போச்சு. தொறக்க மாட்டேங்கு. உள்ள ஆறு தோட்டாவும் கெடக்கு. ஆள்கிட்ட குடுத்து அனுப்புதேன்” என்றார் முதலாளி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு தோட்டா உள்ளே இருக்கும் ரிவால்வரை, திறக்க முடியாததை, தீபாவளிக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறாராம். “யாரும் தொடாதீங்க. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நான் வரேன்” என்றேன். “எப்படி ஆச்சு?” என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தானா ஆயிப்போச்சு” என்றார்.

அந்த நாளில் பனகல் பார்க்கில் இறங்கி உஸ்மான் சாலைக்குள் நடந்திருக்கிறீர்களா? நடக்கவே வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போய்விடும். ஒரு அம்மா தன் ஜவுளி மூட்டையை என் கருவிப் பையின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டே முழுத் தெருவும் வந்தார். ஒருவர் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தார். கடைக்குப் போய்ச் சேரும்போது சட்டை நனைந்துவிட்டது, பையின் வார் அறுந்துவிட்டது, மனசுக்குள் யாரையாவது கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது.

கடையின் பின்னால் ஒரு சின்ன அறை. மேஜையில் துண்டு விரித்து ரிவால்வர். பக்கத்தில் முதலாளி. சுவரோரம் ஹவில்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாத்துக்குனே தெரில சார்” என்று அவர்தான் ஆரம்பித்தார். “இன்னிக்கி காலைலதான் மொத தபா பெட்டிலேர்ந்து எடுத்தேன். தோட்டா போட்டு மூடுனேன். மூடுறப்பவே டைட்டா இருந்துச்சு. சரி, தொறந்து பாக்கலாம்னா தொறக்கவே மாட்டேன்னுது. அப்டியே கீது.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த மனிதர் ஒரு மூச்சில் நோயையும் சொல்லிவிட்டார், காரணம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டார். மூடும்போதே டைட்டு. தோட்டா போட்டதும் டைட்டு. அதற்கு மேல் ஒரு மெக்கானிக்குக்கு என்ன வேண்டும்? நான் காது கொடுத்தேனா? எனக்குக் கேட்டதெல்லாம் ‘இன்னாத்துக்குனே தெரில’ மட்டும்தான். அபிராமபுரத்து வக்கீல், ஜவுளி மூட்டை அம்மா, அறுந்த வார், எல்லாம் சேர்ந்து என் மண்டைக்குள் கத்திக்கொண்டிருந்தன.

ரிவால்வரைத் தொடாமல் குனிந்து பார்த்தேன். கைப்பிடியின் அடியில் நீளமாக ஒரு கீறல்.

“கீழ போட்டிருக்கீங்க” என்றேன்.

“இல்ல சார்.”

“அப்ப இந்தக் கீறல்?”

“அது பெல்ட் பக்கிள் சார். போன வருசத்துலேர்ந்தே கீது.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. கீழ விழுந்தா சிலிண்டர் சுத்துற தண்டு உள்ள வளையும், வளைஞ்சா இறுகும். தானா எதுவும் இறுகாது” என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலாளி ஹவில்தார் பக்கம் திரும்பினார். “போட்டா போட்டேன்னு சொல்ல வேண்டியதுதானவே? பொய் எதுக்குச் சொல்லுதீரு? நாளைக்கு ஒரு ஆபத்து அவசரம்னா இத நம்பித்தான நான் கடைய வச்சிருக்கேன்? சரி, நாளையிலேர்ந்து வராண்டாம். வேற ஆள் பாத்துக்கிடுதேன்.”

ஹவில்தார் ஒரு அடி முன்னால் வந்தார். “பதினெட்டு வருசம் பட்டாளத்துல இருந்தேன் முதலாளி. ஒரு நாளும் ஆயுதத்த கீழ போட்டதில்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பொண்ணுக்குத் தல தீபாவளி. மாப்ள வூட்லேர்ந்து வராங்க. இப்பப் போயி வேல இல்லன்னு எப்டி சொல்வேன்?” என்றார்.

முதலாளி மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வேலை ரிவால்வர், இது அவர்கள் விவகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையைத் திறந்தேன்.

கடைச் சுவரில் தீ அணைக்க மணல் வாளி தொங்கும் அல்லவா, அதைக் கொண்டுவரச் சொன்னேன். வாளியில் பாதி மணல், பாதி வெற்றிலை எச்சில். அதற்கும் ஒரு கத்துக் கத்தினேன். மற்றவர்களை எனக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, குழலை மணலுக்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டு சிலிண்டரை அசைத்துப் பார்த்தேன். தண்டு வளைந்திருந்தால் ஓர் இடத்தில் இடிக்கும். இது அப்படி இடிக்கவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நெருக்கமாக, சின்னச் சட்டையைப் போட்டுக்கொண்டது போல இருந்தது. அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. கால் மணி நேரம் பொறுமையாக, திருப்புளியின் மரக்கைப்பிடியால் தட்டித் தட்டி அசைத்ததில் சிலிண்டர் வெளியே வந்தது. ஆறு தோட்டாவையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் நிறுத்தினேன். தண்டை வெளிச்சத்தில் பிடித்தேன். நூல் பிடித்தது போல நேராக இருந்தது.

சிலிண்டரின் முகத்தில் நட்சத்திரம் போல ஒரு தகடு இருக்கும். சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளுவது அதுதான். அதைத் தூக்கினேன். அடியில் மஞ்சளாக, ஓரத்தில் சிவப்பாக, காய்ந்து கெட்டியான ஒரு சில்லு. நகத்தால் பெயர்த்தேன். என் உள்ளங்கையில் விழுந்தது. சந்தனம்.

பூஜையன்று மானேஜர் வைத்த பொட்டு. விஜயதசமியன்று நான் அவசரத்தில் துடைத்த துடைப்பில் அது வெளியே வராமல் தகட்டுக்கு அடியில் போய் ஒதுங்கிக் காய்ந்திருக்கிறது. அது தகட்டைத் தலைமுடி அளவுக்குத் தூக்கியிருக்கிறது. காலியாகச் சுற்றினால் தெரியாது. தோட்டா போட்டால், தோட்டாவின் விளிம்பு அந்தத் தகட்டின் மேல் உட்கார்ந்து, மூடும்போது ரிவால்வரின் பின்பக்கச் சுவரில் போய் நெருக்கும். டம்மி போட்டுப் பார்த்திருந்தால் எங்கள் மேஜையிலேயே பிடித்திருக்கும். வேறு யாராவது பூஜை போட்டிருக்கலாமே என்று தப்பிக்கவும் வழியில்லை. சிலிண்டரை வாய் திறந்து வைத்துப் பொட்டு வைக்கிற கடை இந்தப் பட்டணத்தில் என் கடை ஒன்றுதான். அந்தக் கீறலும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதன் மேல் எண்ணெய் தடவியதே நான்தான்.

நான் உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

உங்களிடம் பொய் சொல்லி எனக்கு ஆவது ஒன்றுமில்லை. அந்த நிமிடம் நான் நினைத்தது இதுதான். ஊதினால் போய்விடும். கொஞ்சம் துரு, துடைத்துவிட்டேன் என்று சொன்னால் போதும். மெக்கானிக் சொல்வதை யார் எதிர்த்துக் கேட்கப்போகிறார்கள்? ஒப்புக்கொண்டால் என் கடையின் பெயர் கெடும். தோட்டா போட்டால் இறுகும் ஆயுதத்தை வெளியே விட்டவன் என்று என் பெயரும் கெடும். எனக்கும்தான் வீடு இருக்கிறது, எனக்கும்தான் தீபாவளி வருகிறது. ஹவில்தாருக்கு என்ன, நகைக்கடையா இல்லை தி.நகரில், வேறு இடம் பார்த்துக்கொள்வார். இத்தனையும் நினைத்தேன். நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை.

“என்ன அண்ணாச்சி, தண்டு வளஞ்சிட்டா?” என்றார் முதலாளி.

நான் ஹவில்தாரைப் பார்த்தேன். அவர் தொப்பியை மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு இடுப்பு பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். பக்கிளை அவிழ்த்துச் சுருட்டி, பட்டாளத்தில் பழகின மாதிரி ஒழுங்காகத் தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். பக்கிளின் முனை உடைந்து கூராக நீட்டிக்கொண்டிருந்தது.

கையை விரித்தேன்.

“தண்டு நல்லாத்தான் இருக்கு. இது சந்தனம். எங்க கடைப் பூஜையில வெச்சது. நான்தான் சரியாத் துடைக்கல, சோதிக்காமக் குடுத்துட்டேன். இவர் மேல ஒரு தப்பும் இல்ல” என்றேன்.

முதலாளி என் கையை எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நல்லாருக்குவே ஒம்ம வேல!” என்று தொடங்கினார். அண்ணாச்சி போய் ‘வே’ வந்துவிட்டது. “தப்பு ஒம்ம கடையில, ஏச்சு இந்த மனுசனுக்கா? கீழ போட்டுட்டாரு, தண்டு வளஞ்சிட்டுன்னு பெரிய டாக்டரு கெணக்கா சொன்னீரே!” ஐந்து நிமிடம் நிறுத்தாமல் திட்டினார். விசாரிக்காமல் வேலையை விட்டு அனுப்பியது நீங்கள்தானே என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

திட்டி முடித்ததும் அவர் ஹவில்தாரைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்து, “தொப்பிய எடுத்து மாட்டும். வாசல்ல கூட்டம் நிக்கி” என்றார். மன்னிப்பு என்றால் அவர் அகராதியில் அவ்வளவுதான் போலிருக்கிறது. ஹவில்தார் பெல்ட்டைக் கட்டினார்.

நான் சுத்தம் செய்து, டம்மி தோட்டா போட்டு மூன்று முறை மூடித் திறந்து காட்டிவிட்டுக் கிளம்பினேன். என் அறுந்த பையை வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தவர் ஹவில்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

“மன்னிச்சுக்குங்க” என்றேன்.

“உடு சார்” என்றார். பையை என் தோளில் மாட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கி, “வாசன அப்பவே வந்துச்சு சார்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “எந்த வாசனை?”

“நீ அந்தத் தகட்டத் தூக்குனியே, அப்பவே. சந்தன வாசன. ஆயுத பூஜ அன்னைக்கு ரிவால்வரு உங்க கடைலதான இருந்துச்சு? எனக்குத் தெரிஞ்சு போச்சு.”

“தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல? வேலையே போகப் பார்த்துச்சே.”

“நா சொன்னா யாரு சார் நம்புவாங்க? நீ மெக்கானிக்கு. நா வாட்ச்மேன்.” தொப்பியைச் சரி செய்துகொண்டார். “அதான் பெல்ட்ட கழட்டிக்கினு உன் கையவே பாத்துக்கினு இருந்தேன். தொறப்பியா, மாட்டியான்னு.”

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார். தீபாவளிக் கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது.

எங்கள் கடையில் அதன் பிறகும் துப்பாக்கிகள் வாய் திறந்தபடியேதான் பூஜையில் இருந்தன. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பொட்டு மட்டும் கைப்பிடிக்கு மாறியது. மானேஜர் அதற்கும் முணுமுணுத்தார். டம்மி தோட்டாக்களைப் பூஜையில் வைப்பதை நிறுத்தினேன், அவை என் சட்டைப் பையில் இருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். வாடிக்கையாளர் ‘தானா’ என்று சொன்னால் கோபம் வரட்டும், பரவாயில்லை, எனக்கு இன்றும் வருகிறது. ஆனால் அவர் அடுத்து என்ன சொல்கிறார் என்பதைக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

நான் கையை மூடி வைத்திருந்தது அரை நிமிடம் இருக்கலாம், அதற்கு மேல் இருக்காது. முதலாளிக்கு அது தெரியாது. எங்கள் மானேஜருக்குத் தெரியாது. ஹவில்தாருக்குத் தெரியும். அவர் பெல்ட்டை மெதுவாகத்தான் கழற்றினார்.